பதுளை ரயிலில் பொம்பிளை பார்த்தது

நேற்றுக் காலை தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது அக்கா பாலைவனத்திலிருந்து அழைத்தாள். கை முழுக்கத் தேங்காய்ப்பூ. மூக்கு நுனியால் போனை அழுத்தினேன். வயது போனால் இப்படிச் சில வித்தைகள் தாமாகவே வந்துவிடுகின்றன. எனக்கு இங்கே கொழும்பில், வெள்ளவத்தையில் விடிந்த நேரம், அவளுக்கு அங்கே முதல்நாள் பின்னேரம். அமெரிக்காவில் மலையைக் கடந்து, பிறகு பாலைவனத்தைக் கடந்து, நாள்கணக்கில் ஓடுகிற ஒரு ரயில் இருக்கிறதாம். அத்தானும் அவளும் அதில் போவதென்று எவ்வளவோ காலமாகத் திட்டம் போட்டார்கள். ஒரு வருடம் பேரப்பிள்ளை பிறந்தது, அடுத்த வருடம் அத்தானுக்கு முழங்கால், அதற்குப் பிறகு நெஞ்சு வருத்தம். போன வருடம் அத்தான் போய்விட்டார். ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு அக்கா தனியாக ரயில் ஏறிவிட்டாள். மகள் ஒரு பக்கம் ஏற்றிவிட்டிருக்கிறாள், மகன் மறுபக்கம் வந்து கூட்டிக்கொண்டு போவான்.

திரையில் முதலில் அவளுடைய நெற்றி மட்டும் தெரிந்தது. எங்கள் வயதுக்காரருக்கு வீடியோவில் நெற்றிதான் முகம். பிறகு கமராவை வெளிப்பக்கம் திருப்பினாள். அம்மாடி! மரம் என்று பேருக்கு ஒன்றில்லை. சிவந்த பாறை, அது முடிந்தால் மணல், மணலுக்கு மேல் மங்கிக்கொண்டு போகிற வெளிச்சம். பகல் முழுக்க மலையும் ஆறும் சுரங்கமுமாக இருந்ததாம், இப்போது இப்படியாம். "மன்னார்ப் பக்கம் போலக் கிடக்கு" என்றேன். பாலைவனம் என்று நான் கண்டது அவ்வளவுதான்: தலைமன்னார் ரயிலில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மணலும், அதில் சும்மா நின்ற கழுதைகளும். அந்த நேரம் பார்த்து எங்கள் மாடிக்குக் கீழே கடற்கரை ரயில் தெஹிவளைப் பக்கமாக ஓடியது. தண்டவாளத்தோரம் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரயில் வந்தால் பாதிச் சொல்லில் வாயை மூடுவோம், போன பிறகு மீதியைச் சொல்லுவோம். அவளுடைய ரயில் அங்கே தடதடக்க, என்னுடையது இங்கே தடதடக்க, இரண்டு கிழவிகளும் வாய் மூடி இருந்தோம்.

ரயில் என்றால் எல்லாருக்கும் டீசல் மணம் நினைவுக்கு வரும், அல்லது இறால் வடை. எனக்கு வாழையிலை மணம். நெருப்பில் வாட்டிய வாழையிலையில் இடியப்பமும் பொரித்த கத்தரிக்காய்க் குழம்பும் சம்பலும் வைத்து, கடதாசி சுற்றி, நூல் போட்டுக் கட்டிய பார்சல். ரயில் வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில் அந்த மணம் பெட்டி முழுக்க எழும்பும். சுகமான மணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூக்கில் பட்டதும் எனக்குக் கோபம் வரும். நாற்பது வருடம் தாண்டியும் ஆறாத, பசியில் பிறந்த கோபம். அது ஏன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அப்பா அரசாங்க கிளாக்கர். நான் கோட்டையில் ஒரு கொம்பனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் பெருமையில் வீட்டில் ஒரு துரும்பும் அசைக்கமாட்டேன். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். சாதாரண நாளில் அக்கா சிரித்தால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். அடுப்பில் பால் பொங்கி வழிகிற மாதிரி, தடுக்க முடியாத சிரிப்பு. அம்மா "மெல்ல, மெல்ல" என்று கையைக் காட்டிக்கொண்டே தானும் சிரிப்பாள்.

ஆனால் சனிக்கிழமை வந்தால் அந்த முகம் கல்லாகிவிடும். ஞாயிறு பின்னேரங்களில் பொம்பிளை பார்க்க ஆட்கள் வருவார்கள். அம்மா பயற்றம் பணியாரம் சுடுவாள். விறாந்தையில் எந்தக் கதிரையில் இருந்தால் அக்கா கொஞ்சம் வெள்ளையாகத் தெரிவாள் என்பதில் அம்மாவுக்குப் பெரிய ஆராய்ச்சி. வருகிறவர்கள் பணியாரத்தைத் தின்று, தேத்தண்ணியைக் குடித்து, அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "போய் அறிவிக்கிறம்" என்று படியிறங்குவார்கள். அந்த அறிவிப்பு ஒருநாளும் வராது. இப்படி வந்த ஒரு கூட்டம், தேத்தண்ணித் தட்டத்தோடு வந்த என்னைப் பார்த்துவிட்டு, சின்னவளைத் தருவீர்களோ என்று தரகரிடம் கேட்டு அனுப்பிவிட்டது. நான் பெரிய அழகியென்று நினைக்காதீர்கள். அக்கா மாநிறம், நான் ஒரு பிடி வெள்ளை, அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு அக்கா குசினிக்குள் வந்து என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அது எனக்கு அடித்ததைவிட நொந்தது.

அதற்குப் பிறகு அம்மா ஒரு சட்டம் போட்டாள். அக்காவைப் பார்க்க வரும் நாளில் நான் கண்ணில் படக்கூடாது. பக்கத்து வீட்டு அன்ரியின் பின்னறையில் பழைய பத்திரிகைகளை வாசித்துக்கொண்டு எத்தனை ஞாயிறுகளைக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் ஆட்களிடையே இது புதினமும் இல்லை. இளைய பெட்டையை ஒளிக்காத வீடு அந்தக் காலத்தில் ஏது? ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா என்னிடம் சொன்னாள்: "எனக்குக் கலியாணம் வேண்டாம் எண்டில்லையடி. ஆக்கள் என்னைப் பாக்கிறதுதான் ஏலாமல் கிடக்கு." இப்படியே இன்னும் சில ஞாயிறு போனால் அக்கா சிரிக்க மறந்துவிடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்தது.

அப்போதுதான் தரகர் ரயில் யோசனையோடு வந்தார். பதுளையில் வேலை பார்க்கிற ஒரு எஞ்சினியர். சாதகம் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது. சிக்கல் என்னவென்றால், வீடு வீடாகப் போய்ப் பலகாரம் தின்று அந்த மாப்பிள்ளைக்கும் அலுத்துவிட்டதாம். இனி ஒரு வீட்டுக்கும் வரமாட்டேன் என்று தாயிடம் சத்தியம் செய்துவிட்டாராம். தாயும் தரகரும் சேர்ந்து, அவருக்குத் தெரியாமல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். லீவு முடிந்து அவர் பதுளை ரயில் ஏறுகிற அன்று, அவருக்கு முன் சீற்றில் நாங்கள் தற்செயலாக இருப்பது போல இருக்கவேண்டும். சீற் எல்லாம் தரகரே புக் பண்ணித் தந்தார். அப்பாவிடம் அரசாங்க உத்தியோகத்தருக்குத் தருகிற இலவச ரயில் வொறண்ட் கிடந்தது. பண்டாரவளையில் அவருடைய சிநேகிதர் ஒருவரின் குவாட்டர்ஸில் ஒரு கிழமை தங்குவதென்று ஏற்பாடு.

தரகர் அடையாளமும் சொன்னார்: ஜன்னலோரம், வெள்ளைச் சேட், கண்ணாடி. அந்தக் காலத்தில் வெள்ளைச் சேட்டும் கண்ணாடியும் போடாத தமிழ் உத்தியோகத்தர் ஆர் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதைவிட முக்கியமாக ஒரு தடையும் விதித்தார். பேர் கேட்கக்கூடாது, உத்தியோகம் கேட்கக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக எந்த ஊர் என்று கேட்கவே கூடாது. அந்தக் கேள்வி வாயிலிருந்து விழுந்தால் மாப்பிள்ளைக்கு விளங்கிவிடும், அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவார் என்றார். பாவம் அப்பா. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரிடம், பல் பிடுங்குகிற டொக்டரிடம், செத்த வீட்டில் அழுதுகொண்டிருக்கிறவரிடம்கூட முதலில் "எந்த ஊர்?" என்று கேட்கிற மனுசன்.

என்னை என்ன செய்வது என்று பெரிய விவாதம் நடந்தது. குமர்ப்பிள்ளையைத் தனியே வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் நான் வரலாம், ஆனால் அவர்களைத் தெரியாத ஆள் போல நாலு வரிசை தள்ளி இருக்கவேண்டும் என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். மாப்பிள்ளையின் முதுகுப் பக்கம் தெரிகிற மாதிரி எனக்கு ஒரு ஜன்னல் சீற். அவர் பார்த்தாலும் என் முகம் தெரியாது. சந்தோஷமாகத் தலையாட்டினேன். சாப்பாட்டுப் பை முழுவதும் அம்மாவிடம் இருக்கப்போகிறது என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

கோட்டை ஸ்டேஷனில் ஏறினோம். அவர்கள் இடத்துக்குப் போகும்போது வெள்ளைச் சேட்டும் கண்ணாடியுமாக ஒருவர் ஏற்கெனவே ஜன்னலோரம் இருந்தார். அக்கா நீலச் சீலை உடுத்து அவருக்கு நேர் எதிரே இருந்தாள். பக்கத்தில் அம்மா, எதிரே அப்பா. நான் இருந்த இடத்திலிருந்து அக்காவின் முகமும் அம்மாவின் முகமும் வடிவாகத் தெரிந்தன. அப்பாவினதும் அந்த மனுசனினதும் பின்னந்தலைதான் தெரிந்தது. அக்கா வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கல்லாக இருந்தாள். ராகமை தாண்டியதும் அம்மா பார்சலை அவிழ்த்தாள். அந்த மனுசனுக்கு முதல் பார்சல். பிறகு இன்னொன்று. அது என்னுடைய பார்சல் என்று நூலைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது! அப்பா மழையைப் பற்றிக் கதைத்தார், கிரிக்கெட்டைப் பற்றிக் கதைத்தார், கேட்க முடியாத அந்த ஒரு கேள்வி தொண்டையில் நிற்க, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. பொல்ககவலைக்கு வரும்போது களைத்து நித்திரையாகிவிட்டார். அம்மாவும் பின்னாலேயே தூங்கி விழுந்தாள்.

எனக்குப் பக்கத்தில் ஒரு இளைஞர் இருந்தார். ஸ்வெற்றர் போட்டு, மடியில் ஒரு புத்தகம். என் வயிறு போட்ட சத்தம் அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். "நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லைப் போல" என்று தன் பார்சலை அவிழ்த்து, புட்டில் பாதியை இலையோடு கிழித்துத் தந்தார். அந்நியர் தந்ததைத் தின்னக்கூடாது என்று அம்மா சொல்லித்தந்தது உண்மைதான். ஆனால் அம்மாவே என் இடியப்பத்தை ஒரு அந்நியருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாளே. தின்றேன். அவருடைய அம்மா கட்டித் தந்ததாம். எங்கள் அம்மாவின் புட்டைவிடப் பூப்போல இருந்தது. இதை அம்மாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

றம்புக்கணைக்கு மேல் ரயில் மலை ஏறத் தொடங்கும். அந்த ஏற்றத்தை நீங்கள் அனுபவித்திருந்தால் தெரியும், அங்கே ரயில் ஓடுவதில்லை, யோசித்து யோசித்து நடக்கும். ஒரு பக்கம் ஈரம் சொட்டுகிற பாறை, கையை நீட்டினால் பாறையில் முளைத்த பன்னச்செடி தொடும். மறுபக்கம் தரை திடீரென்று இல்லாமல் போய்விடும். கீழே எங்கேயோ வயல், தென்னை, புகை விடுகிற வீட்டுக் கூரை, எல்லாம் வேறு யாரோ காணுகிற கனவு போல. குளிர் மெதுவாக ஜன்னலால் ஏறி மடியில் வந்து இருக்கும். சுரங்கத்துக்குள் போனால் பெட்டி இருண்டு, இரும்புச் சத்தம் மட்டும் காதில் நிறையும். நான் இருக்கிறேனா இல்லையா என்றுகூட அந்த இருட்டில் தெரியாது. அப்படி ஒரு சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தோம். வெளிச்சம் வந்தபோது அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

சும்மா புன்சிரிப்பில்லை. அப்பாவும் அம்மாவும் எழும்பிவிடாமல் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணி வர, தோள் குலுங்க, வெளியே பள்ளத்தாக்கைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கண்டேன்! சரி, அக்காவுக்கு இந்த மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது என்று எனக்கு நெஞ்செல்லாம் நிறைந்துபோனது. பக்கத்திலிருந்தவர் புத்தகத்தை மூடியிருந்தார். "அந்தா, அந்த நீலச் சீலை. அவ ஆர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். கூடப் பிறந்தவளைத் தெரியாதென்று சொல்ல நாக்கு கூசத்தான் செய்தது, ஆனால் அம்மாவின் சட்டம் அப்படி. அவர் அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறக்கவில்லை.

ஹட்டனில் ரயில் நின்றது. அக்காவுக்கு எதிரே இருந்த மனுசன் எழும்பிப் பையை எடுத்தார். அப்பா பதறிப்போய், "தம்பி, பதுளை இன்னும் கனதூரம் கிடக்கெல்லோ" என்றார்.

"நான் பதுளைக்கில்லை ஐயா, இஞ்சைதான். மனுசிக்கு முந்தநாள் பிள்ளை பிறந்தது." அம்மாவின் கையைப் பிடித்து, இப்படி ஒரு கத்தரிக்காய்க் குழம்பு தன் வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை என்று நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். வெறும் இலைகள் மடியில். எல்லாச் சட்டமும் மறந்துபோய்ப் பெட்டி முழுக்கக் கேட்க என்னைக் கூப்பிட்டாள்: "சின்னவள், இஞ்சை ஓடி வா."

நான் எழும்பினேன். பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்தார், பிறகு நீலச் சீலையைப் பார்த்தார், பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தார். மூக்கு ஒரே மூக்கு. எங்கள் வீட்டு மூக்கை ஒளிக்க முடியாது. என் பையைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தார். வந்து, அந்தச் சீற் உண்மையில் தன்னுடையது, தலைச்சுற்று, ஜன்னலோரம் வேணும் என்று அந்த மனுசன் கெஞ்சியதால் மாற்றிக் கொடுத்ததாகச் சொன்னார். தலைச்சுற்றுக்காரன் அவ்வளவு இடியப்பத்தை எப்படித் தின்றான் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அந்தக் குளிரிலும் வெட்கத்தில் வேர்த்திருக்கவேண்டும், பேசிக்கொண்டே ஸ்வெற்றரைக் கழற்றினார். உள்ளே வெள்ளைச் சேட். சேட்டுப் பையிலிருந்து கண்ணாடி எட்டிப் பார்த்தது. அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். தரகராவது தடையாவது, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

"தம்பி எந்த ஊர்?"

கோப்பாய் என்றார். ஆருடைய மகன் என்று கேட்டதற்கும் பதில் வந்தது, தரகர் சொன்ன அதே ஆட்கள். அம்மா அப்படியே சாய்ந்துவிட்டாள். தாயின் சூழ்ச்சி விளங்க அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. கோபப்படுவார் என்று பயந்தோம், அவரோ அந்த ஜன்னல் சீற்றில் போய் இருந்துவிட்டார். அதற்கு மேல் பதுளைவரை அப்பா ஊர்க்கதையை நிறுத்தவேயில்லை. அவர்களுடைய ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கும் எங்களுடைய ஒரு மாமாவுக்கும் ஏதோ ஒரு காணி வழியாகச் சொந்தம் என்றுகூட நிறுவிவிட்டார். பண்டாரவளையில் இறங்கவேண்டிய நாங்கள் இறங்காமலே போனதை அங்கே நின்ற சிநேகிதர் பார்த்துக்கொண்டிருந்தாராம். நான் அந்தக் கதை எதையும் கேட்கவில்லை. தேயிலை மலைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்து போயின. பட்டிப்பொலையில் முகில் பெட்டிக்குள் வந்து எங்கள் தலைமயிரை நனைத்துவிட்டு மற்றப் பக்கத்தால் இறங்கிப் போனது. ஹப்புத்தளையில் இரண்டு பக்கமும் நிலமே இல்லை, ரயில் வானத்தில் போகிறதென்று சத்தியம் செய்திருப்பேன். அக்கா மட்டும் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. வெட்கம் என்று நினைத்தோம்.

அவர்தான் எங்கள் அத்தான். கட்டினால் இந்தப் பெட்டையைத்தான் என்று அடுத்த கிழமையே தாயிடம் சொல்லியனுப்பினார். எந்த விசேஷ வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்லாமல் அவர் எழும்பமாட்டார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அவர்கள் நாட்டைவிட்டுப் போனபோது அந்தக் கதையும் கூடப் போனது. லண்டனில் சொன்னார், அமெரிக்காவில் சொன்னார், வெள்ளைக்கார மருமகளுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். முடிவு எப்போதும் ஒன்றுதான். "சுரங்கம் முடிஞ்சுது, பாத்தால், இவ மலையைப் பாத்துச் சிரிக்கிறா. நான் அந்தச் சிரிப்பைத்தான் கட்டினனான்." அக்கா தலையைக் குனிந்துகொள்வாள்.

இப்போது கொட்டாஞ்சேனையில் அந்த வீடு இல்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எங்கள் பிளாட்டில் மூன்றாம் மாடிப் பெட்டைக்குப் போன மாதம் கனடா மாப்பிள்ளை சரிவந்தது. பார்த்ததும் பேசினதும் எல்லாம் போனில்தான், பயற்றம் பணியாரம் மட்டும் வழக்கம்போல நாங்கள் தின்றோம். ஒளித்து வைக்க ஆருடைய வீட்டில் இரண்டு பெட்டைகள் இருக்கிறார்கள்? பதுளை ரயில் ஓடத்தான் செய்கிறது, ஆனால் சீற் எல்லாம் வெளிநாட்டுக்காரருக்குப் போய்விடுகிறதாம், வாசலில் தொங்கிப் படம் எடுக்கிறார்களாம். நான் ஏறிப் பல வருடம்.

நேற்று அந்தக் கடற்கரை ரயில் கடந்து போனதும், அந்தக் கதையை அத்தான் இப்போது இருந்தால் அக்காவின் பெட்டியில் இருக்கிற அத்தனை வெள்ளைக்காரருக்கும் சொல்லியிருப்பார் என்று சிரித்தபடி சொன்னேன். போனில் மணல் ஓடிக்கொண்டிருந்தது.

"சின்னவள், அண்டைக்கு எனக்குத் தெரியுமடி" என்றாள் அக்கா. "அப்பாவும் அம்மாவும் நித்திரையாப் போகேக்கை அந்த மனுசன் எனக்குச் சொன்னவர், தனக்கு மகள் பிறந்திருக்கெண்டு, பாக்கப் போறன் எண்டு. உடனை விளங்கிட்டுது. மாப்பிள்ளை வரேல்லை. ஒருத்தரும் என்னைப் பாக்க வரேல்லை. அந்தச் சந்தோசத்திலைதான் சிரிச்சனான். மலையும் இல்லை, ஒண்டும் இல்லை. இவர் வரேல்லையெண்டுதான் சிரிச்சனான்."

தேங்காய்ப்பூ கையில் காய்ந்துபோயிருந்தது. அத்தானுக்குத் தெரியுமோ என்று கேட்டேன்.

"சொல்லேல்லை. ஒவ்வொரு முறையும் சொல்லுவம் எண்டு நினைப்பன், அவற்றை முகத்தைப் பாத்தால் வாய் வராது. கடைசியா ஆஸ்பத்திரியிலை நேர்ஸுக்கும் அதைத்தான் சொன்னவர். நான் பக்கத்திலை இருந்து தலையாட்டினனான்."

அங்கே வெளிச்சம் நன்றாக மங்கிவிட்டது. பாறைகள் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. பெட்டியில் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன், ஏதாவது கேட்கவேண்டுமே என்று.

"கனபேர் இருக்கினம். ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை" என்றாள். "அண்டைக்கு இதுக்குத்தானே சிரிச்சனான். இண்டைக்குக் காலமையிலையிருந்து பாக்கிறன், சிரிப்பு வரேல்லையடி."

நான் பார்க்கிறேனே அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். கமராவை அவள் இன்னும் வெளிப்பக்கம்தான் பிடித்திருந்தாள். மணல் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.